முத்துலட்சுமி ரெட்டி: யாரைக் கேட்டு சட்டம் போட்டாங்க?

சர்தார் பட்டேல் ரோட்டுல பஸ்ல போறப்போ கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை நீங்க எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. அதை 1954-ல் ஆரம்பிச்சவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அதுக்கு மேல எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. இந்த செமஸ்டர்லதான் அவங்களைப் பத்தித் தேடிப் படிச்சேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கம் இருந்த காலம் அது. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கவே எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்ததால் படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்.

1927-ல் சென்னை சட்டசபைக்குள் போனார். அங்கே அவர் கொண்டுவந்த ஒரு சட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. தேவதாசிகளுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. கோயில் வேலையை விட்டால் நிலமும் போய்விடும். அப்புறம் யார் வெளியே வருவாங்க, சொல்லுங்க? 1929-ல் நிறைவேறிய சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்தது. வேலையை விட்டாலும் நிலம் அவர்களுக்கே. உள்ளே இருந்து பார்த்தவங்களுக்குத்தான் இது முதல்ல தோணும்னு நினைக்கிறேன்.

ஆனா கதை இவ்வளவு சுலபம் இல்லை. சென்னையில் இருந்த தேவதாசிகளே சங்கமாகச் சேர்ந்து எதிர்த்து மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முக்கியமானவர். எங்க எல்லாருக்கும் ஒரே முத்திரை குத்தாதீங்க, பாட்டும் நாட்டியமும் எங்க கலை என்பது அவர்கள் வாதம். அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ வழக்கத்தை ஒழிக்கணும்னு ஊர் ஊராகப் பேசினார். ஒரே சமூகம்தான், ஆனா ஒரே குரல் இல்லை.

1930-ல் தேவதாசிக் குடும்பங்களை விட்டு வந்த சில பெண்களைச் சேர்க்க விடுதி கிடைக்கவில்லை. தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. பிறகு அடையாறுக்கு வந்தது. இன்னைக்கும் அங்கேதான் இருக்கு.

1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்த சட்டம் வந்தது. கூடவே, கோயிலில் பெண்கள் ஆடுவதும் சட்டவிரோதமானது. குழந்தைகள் தப்பித்தார்கள். அதை நான் சின்ன விஷயமா நினைக்கலை. ஆனா அந்த மனு போட்டவங்க பயந்ததும் நடந்தது.

1968-ல் காலமானார்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, எங்க டீம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டா பார்வையில்லாதவங்களுக்கு ஸ்மார்ட் ஸ்டிக் செஞ்சிட்டு இருக்கோம். ரெண்டு ரிவ்யூ முடிஞ்சாச்சு. ஸ்டிக் பிடிச்சு நடக்கிற ஒருத்தரைக்கூட நாங்க இன்னும் கேட்கலை. உங்க டீம் கேட்டுட்டீங்களா? நாங்க மூணாவது ரிவ்யூவுக்கு முன்னாடி போய்க் கேட்கப் போறோம். ஒருத்தரை மட்டும் இல்லை, நாலஞ்சு பேரை. வேண்டாம்னு சொல்றவங்களையும் சேர்த்து.