பார்கூர் விளையாட்டின் தாத்தா: யார் இந்த ஜார்ஜ் எபேர்?

மாடி விட்டு மாடி தாவுவது, கைப்பிடிச் சுவர் மேல் பூனை மாதிரி நடப்பது, படிக்கட்டில் கால் வைக்காமலே கீழே குதிப்பது... ரீல்ஸில் நாம் வாய்பிளந்து பார்க்கும் ‘பார்கூர்’ இதுதான். பாரிஸ் அருகே உள்ள லிஸ் என்ற ஊரில், சில இளைஞர்கள் விளையாட்டாக வளர்த்தெடுத்தது. ஆனால், அதன் வேர் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியிடம் இருக்கிறது. அவர்தான் ஜார்ஜ் எபேர்.

எரிமலை கற்றுக்கொடுத்த பாடம்

1875-ல் பாரிஸில் பிறந்தவர் எபேர். கடற்படையில் சேர்ந்து பல நாடுகளைச் சுற்றினார். போன இடங்களில் பழங்குடி மக்களின் உடல்வாகைப் பார்த்து அசந்துபோனார். ஜிம் கிடையாது, கோச் கிடையாது. ஓடுவது, மரம் ஏறுவது, நீந்துவது என அன்றாட வாழ்க்கையே அவர்களுக்குப் பயிற்சி.

1902 மே 8. கரீபியன் தீவான மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்துச் சிதறியது. சென் பியேர் நகரமே சில நிமிடங்களில் சாம்பலானது. சுமார் 28 ஆயிரம் பேர் பலி. அங்கே பணியில் இருந்த எபேர், சுமார் 700 பேரை மீட்கும் வேலையை ஒருங்கிணைத்ததாகச் சொல்லப்படுகிறது. உடம்பில் தெம்பு இருந்தால் மட்டும் போதாது, பதறாத மனசும் அடுத்தவருக்காக ஓடும் குணமும் வேண்டும் என்பதில் அவர் உறுதியானார். பலம் என்பதே பிறருக்குப் பயன்படத்தான் என்பது அவருடைய கொள்கை ஆனது.

10 வகை அசைவுகள்

லோரியான் நகரில் கடற்படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது ‘இயற்கை முறை’யை வளர்த்தார். நடை, ஓட்டம், தாவல், நாலு காலில் போவது, ஏறுவது, சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் என மொத்தம் 10 வகை. வரிசையில் நின்று கையை மடக்கி நீட்டும் டிரில் அவருக்குப் பிடிக்கவில்லை. திறந்தவெளியில், எதிரே வரும் தடைகளைத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான்! சின்ன வயசில் எல்லாரும் யாரும் சொல்லித்தராமலே செய்த அசைவுகள்தான் இவை.

1913-ல் ரெய்ம்ஸ் நகரில் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். அடுத்த வருஷமே உலகப் போர். கல்லூரி அழிந்தது, அவரும் காயமடைந்தார். ஆனாலும் விடவில்லை. பின்னாளில் பெண்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளி நடத்தினார்.

போட்டி எதற்கு?

சாதனைக்கும் கைதட்டலுக்கும் ஓடுவது விளையாட்டின் நோக்கத்தையே கெடுக்கிறது என்று வாதாடி, 1925-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1957-ல் காலமானார்.

அவருடைய முறை, பிரெஞ்சு ராணுவத்தின் தடை தாண்டும் பயிற்சிக்குள் நுழைந்தது. அதில் ஊறி வளர்ந்த பாரிஸ் தீயணைப்பு வீரர் ரேமோன் பெல், அதைத் தன் மகன் தாவீதுக்குக் கடத்தினார். லிஸ் இளைஞர்களில் ஒருவர் அந்த தாவீத் பெல்.

2018-ல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பார்கூரைத் தன் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2022-ல் டோக்கியோவில் உலக சாம்பியன்ஷிப்பே நடந்தது. பார்கூர் ஆட்களில் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். யாரையும் ஜெயிக்க இல்லை, சொந்த பயத்தைத் தாண்டத்தான் தாவுகிறோம் என்பது அவர்கள் வாதம். எபேர் 1925-ல் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.