புரதத்துக்கு வரைபடம் போட்ட விஞ்ஞானி

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் பல உண்டு. புழு மல்பெரி இலையைத் தின்கிறது. பிறகு நூல் விட்டுக் கூடு கட்டுகிறது.

அந்தப் பட்டு நூல் ஒரு புரதம். நமது தோலும் தசையும் தலைமுடியும்கூடப் புரதத்தால் ஆனவையே.

புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது எப்படி எல்லாம் வளையும், எப்படி வளையாது என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன். ஓசூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு முனை பெங்களூர். மறு முனை சென்னை. அந்த இரண்டு நகரங்களிலும்தான் அவர் தமது பெரும் பணிகளைச் செய்தார்.

ராமனின் மாணவர்

ராமச்சந்திரன் 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண அய்யர் கணிதப் பேராசிரியர். கணக்கில் ஆசை மகனுக்கு வீட்டிலேயே வந்துவிட்டது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பவுதிகம் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்சார என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி.ராமன், பையனின் அறிவைக் கண்டு தமது பவுதிகப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பவுதிகத் துறைக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது சுமார் 30தான்!

கங்காருவின் வால்

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதத்தின் பெயர் கொலாஜன். அதன் அமைப்பு என்ன என்பது அப்போது உலகத்துக்கே புதிராக இருந்தது.

ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வால் தசைநாரில் நல்ல கொலாஜன் உண்டு. அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள்.

1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விடையை வெளியிட்டார்கள். கொலாஜனில் மூன்று இழைகள் சேர்ந்திருக்கின்றன என்றார்கள். மறு ஆண்டு அதைத் திருத்தினார்கள். மூன்று இழைகளும் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார்கள்.

வந்தது எதிர்ப்பு

கிரிக், ரிச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் குறை சொன்னார்கள். சென்னைக்காரர்களின் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். கிரிக் சாதாரண ஆள் அல்ல. டி.என்.ஏ.யின் அமைப்பை 1953-ல் கண்டுபிடித்த இருவரில் ஒருவர்.

வேறு ஒருவராக இருந்தால் மனம் ஒடிந்திருப்பார். ராமச்சந்திரனோ வேறு கேள்வி கேட்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அந்த எல்லையை யார் அளந்தார்கள்?

ஏற்கனவே ஆராயப்பட்ட படிகங்களின் அளவுகளை எல்லாம் அவரது குழு திரட்டியது. அணுக்கள் பலரும் நினைத்ததைவிட நெருங்கி நிற்பது உண்டு என்று தெரிந்தது. கொலாஜனின் சில நுட்பங்களில் கிரிக் சொன்ன திருத்தமே நின்றது. ஆனால் மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை அசையவில்லை.

1963-ன் வரைபடம்

அந்த எல்லைகளை வைத்துக்கொண்டு அடுத்த வேலை தொடங்கியது. உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். முழங்கை உள்பக்கம் மடங்கும், பின்பக்கம் மடங்காது. புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணியிலும் அது இரண்டு இடங்களில் திரும்பலாம். ஆனால் எப்படித் திருப்பினாலும் இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் நிற்க முடியாது.

எந்தத் திருப்பம் ஆகும், எது ஆகாது? ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் கணக்குப் போட்டார்கள். இன்றுபோல் கம்ப்யூட்டர் இல்லை. மேஜைக் கணக்குப் பொறிதான் துணை. ஒவ்வொரு கோணமாக அணுக்களின் தூரத்தைக் கணக்கிட்டார்கள்.

முடிவு ஒரே ஒரு சதுரப் படத்தில் அடங்கியது. அதில் பெரும் பகுதி ஆகாத இடம். சிறு தீவுகள் போன்ற சில பகுதிகளே ஆகும் இடம். நம் பட்டு நூலின் நீட்டிய வடிவத்துக்கும் அதில் ஒரு தீவு உண்டு. 1963-ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு உலகம் ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர் வைத்தது.

பள்ளத்தில் தண்ணீர் தங்குவதுபோல, ஆற்றல் குறைந்த வடிவத்தில் புரதம் தங்கும். அந்த ஆற்றலையும் அவர் குழுவினர் பின்னர் கணக்கிட்டார்கள்.

இன்றும் உதவுகிறார்

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் இன்னொரு கணக்கு முறையைத் தந்தார். பல பக்கங்களிலிருந்து எடுத்த எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து உள்ளுறுப்பின் உருவத்தை அமைக்கும் முறை அது. ஆஸ்பத்திரிகளின் சி.டி. ஸ்கேனுக்கு அது பெரிதும் உதவியது.

அந்தக் காலத்தில்தான் பெங்களூர் திரும்பி, விஞ்ஞானக் கழகத்தில் புதிய ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றையும் தொடங்கினார். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு மட்டும் கிட்டவில்லை. 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார்.

புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரால் கணிப்பதற்கும் அமைப்பதற்கும் 2024-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. அப்படிக் கம்ப்யூட்டர் காட்டும் வடிவம் சரியா என்று பார்க்க, விஞ்ஞானிகள் இன்றும் எடுத்துப் பார்ப்பது சென்னையில் போட்ட அந்தச் சதுரப் படத்தைத்தான்.

குறை சொன்னவரோடு சண்டைக்குப் போகாமல், குறையையே அளந்து பார்த்தார் ராமச்சந்திரன். அதில் பிறந்ததுதான் அவருடைய புகழ்!