கோகலேயும் கட்டாயக் கல்வியும்

இந்திய விடுதலை இயக்கத்தின் தொடக்கக் காலத் தலைவர்களுள் ஒருவர் கோபால கிருஷ்ண கோகலே. காந்தியடிகள் தம் அரசியல் குருவாகப் போற்றிய பெருமைக்குரியவர்; 1905ஆம் ஆண்டு காசியில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அவர் அரும்பாடுபட்டும் தம் வாழ்நாளில் கைகூடாமற்போன முயற்சி ஒன்று உண்டு. இந்தியச் சிறுவர் அனைவருக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே அது.

இளமையும் வறுமையும்

கோகலே, 1866ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலுள்ள கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1879இல் தந்தை கிருஷ்ணராவ் மறைந்தபோது கோகலேவுக்கு வயது பதின்மூன்று. குடும்பச் சுமை தமையனார் கோவிந்தராவின் தோள்களில் விழுந்தது. அவர் தம் படிப்பை நிறுத்திவிட்டுக் காகல் என்னும் ஊரில் மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் பணிக்குச் சேர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கென அனுப்பினார். எஞ்சிய 7 ரூபாயில் குடும்பம் நடந்தது.

அந்த 8 ரூபாயின் அருமையைக் கோகலே நன்குணர்ந்திருந்தார். விளக்கெண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்தத் தெருவிளக்கின் ஒளியில் அமர்ந்து அவர் படித்ததாகக் கூறுவர். 1884ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒரு வீட்டில் ஒருவர் படிக்க மற்றொருவர் படிப்பைத் துறக்க நேர்ந்த நிலை அது. அத்தகைய தமையன் வாய்க்காத சிறுவர் எத்தனையோ பேர் அந்நாளில் பள்ளி வாயிலையே காணாது வளர்ந்தனர்.

ஆசிரியப் பணி

பட்டம் பெற்ற கோகலே பெரும்பொருள் ஈட்டும் வழியை நாடவில்லை. புனேயில் தக்காணக் கல்விக் கழகத்தில் இணைந்து, குறைந்த ஊதியத்தில் நெடுங்காலம் பணியாற்ற உறுதி பூண்டார். பெர்கூசன் கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், வரலாறு, பொருளியல் ஆகிய பாடங்களைக் கற்பித்தார். அவர் தொகுத்த எண்கணித நூல் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டது. 1902இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், அரசப் பிரதிநிதியின் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். நாட்டுக்கு உழைக்கும் தொண்டர்களை உருவாக்க 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார்.

சட்டமன்றத்தில் எழுந்த குரல்

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ அறுவரே. ஆயினும் இந்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1893இல் அம்ரேலிப் பகுதியிலும், 1906இல் தம் நாடு முழுவதிலும் கட்டாயக் கல்வியைக் கொணர்ந்திருந்தார். ஓர் இந்திய மன்னரால் இயன்றது ஆங்கில அரசால் ஏன் இயலாது என்பது கோகலேயின் வினா.

1910இல் இதற்கெனத் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்த அவர், 1911 மார்ச் 16ஆம் நாள் தொடக்கக் கல்விச் சட்ட முன்வரைவைச் சட்டமன்றத்தில் வைத்தார். அது மிகுந்த எச்சரிக்கையுடன் வகுக்கப்பட்டிருந்தது. ஆறு முதல் பத்து வயது வரையிலான சிறுவர்க்கே முதலில் கட்டாயம். சிறுமியர்க்குப் பின்னர் விரிவாக்கலாம். பள்ளிக்கு வருவோர் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவை எட்டிய பகுதிகளில் மட்டுமே உள்ளாட்சி அமைப்புகள் இதனை நடைமுறைப்படுத்தலாம். மாத வருவாய் 10 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளிடம் கட்டணம் பெறலாகாது.

எதிர்ப்புகள் பல திசைகளிலிருந்தும் எழுந்தன. செலவு மிகும் என்றனர் சிலர். மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்றனர் வேறு சிலர். மாகாண அரசுகளும் ஆதரவளிக்கவில்லை. தோல்வி உறுதி என அறிந்தும் கோகலே ஒவ்வொரு மறுப்புக்கும் சான்றுகளுடன் விடையளித்தார். 1912 மார்ச் 19ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 13 வாக்குகளும் எதிராக 38 வாக்குகளும் விழ, முன்வரைவு தள்ளுபடியானது. 1915 பிப்ரவரி 19ஆம் நாள், நாற்பத்தெட்டு வயதில் கோகலே மறைந்தார். தமிழகத்தின் வலங்கைமானில் பிறந்து, பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய சீனிவாச சாஸ்திரியார் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை அவருக்குப்பின் ஏற்றார்.

விதை முளைத்த வரலாறு

தோற்ற முன்வரைவு மறைந்தொழியவில்லை. பம்பாய் மாகாணம் 1918இலும் சென்னை மாகாணம் 1920இலும் கட்டாயத் தொடக்கக் கல்விக்கு வழிசெய்யும் சட்டங்களை இயற்றின. விடுதலைக்குப்பின் அரசியலமைப்பு பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அரசின் நெறியாக வகுத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது குழந்தைகளின் அடிப்படை உரிமையாயிற்று. அவ்வுரிமையைச் செயற்படுத்த 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் கோகலே எண்ணியதினும் ஒருபடி மேலே சென்றது. அவரது முன்வரைவில் கட்டண விலக்குப் பெற வருவாய் வரம்பு இருந்தது. வரம்பு உள்ள இடத்தில் அதனை மெய்ப்பிக்கும் கடமையும் ஏழையின்மேல் விழும். இன்றோ ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் அருகமைப் பள்ளியில் கட்டணமில்லாக் கல்வி உரித்தாகிறது. வயதுச் சான்று இல்லை என்று கூறிச் சேர்க்கையை மறுத்தல் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாழ்ந்ததெனக் காட்டியும் மறுத்தல் கூடாது. இடையில் படிப்பு விடுபட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும்.

செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர்விட்டு ஊர் பெயரும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவ்விதிகள் பெருந்துணை. பிறப்பைப் பதிவு செய்யாத குடும்பத்திலும், பெயர்ச்சியில் தாள்களைத் தொலைத்த குடும்பத்திலும் அவர்கள் வளர்கின்றனர். சட்டம் தரும் இந்த உரிமையை அறியாது, சான்று கேட்ட ஒரு சொல்லிலேயே மனமுடைந்து திரும்பும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு அதனை எடுத்துரைத்துப் பிள்ளையின் கைப்பற்றிப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது கற்றோர் கடமையாகும். கோகலேக்கு அன்று கிடைத்தவை 13 வாக்குகள். அவர் தொடங்கிய பணியோ கடைசிக் குழந்தையும் வகுப்பறையில் அமரும்வரை நிறைவுறாது.