குதித்துக் காட்டச் சொன்ன மருத்துவர்

விரல் நுனியில் வெண்கட்டித் தூளைத் தடவிச் சுவரோரம் நிற்க வைத்து, எம்பிக் குதிக்கச் சொல்வார்களே, அந்தச் சோதனையை நீங்கள் அறிவீர்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மட்டுமா? உலகெங்கும் அதற்குச் சார்ஜண்ட் குதி என்று பெயர். யாரோ பட்டாளத்து சார்ஜன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு மனிதரின் பெயர்.

டட்லி ஆலன் சார்ஜண்ட் 1849இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பெல்ஃபாஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனார் தவறிப்போனார். கம்பியில் தொங்கிப் புரண்டு பழகிய பையன், சர்க்கஸில் வித்தை காட்டப் போனார். 1869இல், இருபது வயதில், போடன் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம் அவர் பொறுப்பில் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே அங்கே படித்து 1875இல் பட்டம் பெற்றார். 1878இல் ஏல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் வாங்கினார். சர்க்கஸ்காரப் பையன் டாக்டர் ஆனது சும்மா நடந்த காரியமா, யோசித்துப் பாருங்கள்.

பிறகு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹெமன்வே உடற்பயிற்சிக் கூடம். நாற்பது ஆண்டுகள், 1919 வரை. 1889இல் துணைப் பேராசிரியர் பதவி கையைவிட்டுப் போனபோதும் கூடத்தை அவர் விடவில்லை. பெண்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று பலர் கேட்ட காலத்தில், 1881இலேயே அவர்களுக்குத் தனிக்கூடம் திறந்தார்.

மனிதருக்கு அளவெடுப்பதில் ரொம்பப் பிரியம். மார்பு, புயம், கெண்டைக்கால் என்று ஆயிரக்கணக்கான மாணவர்களை நாடா பிடித்து அளந்தார். ஆனால் நாடா உடம்பின் பருமனைத்தான் சொல்லும். அந்த உடம்பு என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. எழுபதைத் தாண்டிய வயதில், 1921இல், அவர் வெளியிட்ட சோதனைக்கு யந்திரமே வேண்டாம். நின்ற இடத்திலிருந்து குதி, எவ்வளவு எழும்பினாய் என்று பார், அவ்வளவுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. அதைத்தான் நம் திடல்களில் மறந்துவிடுகிறோம். எழும்பிய உயரத்தை உடல் எடையால் பெருக்கி, ஆளின் உயரத்தால் வகுக்கச் சொன்னார். 40 கிலோ எடையும் 140 செ.மீ. உயரமும் உள்ள பையன் 30 செ.மீ. எழும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எட்டரை சொச்சம். 60 கிலோ எடையும் 150 செ.மீ. உயரமும் உள்ள இன்னொருவன் 25 செ.மீ.தான் எழும்புகிறான், எல்லாரும் குண்டன் என்று சிரிக்கிறார்கள். அவன் கணக்கோ பத்து! அதிகப் பாரத்தைத் தூக்கியவை அவன் கால்கள்தானே? உயரம் தாண்டுதலுக்கு முதல் பையனைத் தேர்ந்தெடுங்கள், சரி. குண்டு எறிதலுக்கு ஆள் தேடும்போது சிரித்தவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும்.

எழும்ப எடுத்த நேரத்தை அளக்காமல் கால்களின் முழுத் திறனைச் சொல்ல முடியாது என்று பின்வந்த ஆய்வாளர்கள் குறை கூறினார்கள். நியாயமான குறைதான். குதியும் எடையும் சேர்ந்த வேறு சூத்திரங்கள் பிறகு வந்தன. சுவரும் வெண்கட்டியும் போகவில்லை.

சார்ஜண்ட் 1924இல் காலமானார். அவர் நடத்திய உடற்பயிற்சிப் பள்ளி, 1929இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.