இரத்தத்தில் எழுதப்படாத சாதி: ஜே.பி.எஸ். ஹால்டேனின் வாழ்வு

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க வெட்டப்பட்டு இறந்தார் சங்கர். பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்தப் பொறியியல் மாணவர், இடைநிலைச் சாதியைச் சேர்ந்த கௌசல்யாவை மணந்திருந்தார். அதற்காகவே கொல்லப்பட்டார். வழக்கு திருப்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. பல சாதி இளைஞர்களும் பனியன் கம்பெனிகளில் அருகருகே அமர்ந்து தைக்கும் மாவட்டம் இது. அவர்களில் இருவர் ஒரே வீட்டில் வாழத் துணிந்தால், எதிர்ப்பவர்கள் நாடும் முதற்சொல் இரத்தம். தம் இரத்தம் கெட்டுவிடும் என்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு அறிவியலில் என்ன மதிப்பு? பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது, எவ்வாறு, எந்த அளவில் செல்கிறது என்பதைக் கணக்கிடுவதிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர், இந்தியக் குடிமகனாக இம்மண்ணில் மறைந்தார். ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் என்பது அவர் பெயர்.

1892 நவம்பர் 5 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சுக்காற்று தொழிலாளர்களை எவ்வாறு கொல்கிறது என்று ஆராய்ந்த உடலியலாளர். சிறுவனாக இருந்தபோதே மகனையும் சுரங்கங்களுக்குள் அழைத்துச் சென்றார். ஆபத்தான சோதனையை முதலில் தன் உடலில் செய்துபார்க்க வேண்டும் என்ற பாடத்தை மகன் அங்கே கற்றார். ஹால்டேன் அறிவியலில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்றவர். வீட்டில் தங்கை நவோமியுடன் எலிகளை வளர்த்து, சில பண்புகள் சேர்ந்தே மரபாக இறங்குவதைக் கண்டறிந்தார். அந்த ஆய்வு 1915இல் வெளியானபோது அவர் முதல் உலகப்போரின் களத்தில் இருந்தார்.

மறு ஆண்டு, 1916இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் சாதியின் தோற்றம் குறித்த தம் ஆய்வுரையை வாசித்தார். ஏற்கெனவே கலந்திருந்த மக்கள்மீது அகமணமுறை பின்னர் சுமத்தப்பட்டதே சாதி என்பது அவ்வுரையின் சாரம். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரின் வழிகளும் பின்னால் ஒரே இடத்தைச் சென்றடைந்தன.

1924 முதல் இயற்கைத் தேர்வைக் கணிதச் சமன்பாடுகளாக்கிய கட்டுரைகளை ஹால்டேன் எழுதினார். 1937இல் ஜூலியா பெல்லுடன் சேர்ந்து, ஹீமோஃபீலியாவும் நிறக்குருடும் எக்ஸ் குரோமோசோமில் இணைந்தே கடத்தப்படுவதைக் காட்டினார். மனித மரபணுக்களுக்கு வரைபடம் வரையும் பணியின் தொடக்கம் அது. டி.என்.ஏ.யின் வடிவம் கண்டறியப்பட்டது 1953இல்தான்.

அக்காலத்தில் மரபியலின் பெயரால் பெரும் கொடுமைகள் அரங்கேறின. தகுதியற்றோர் பிள்ளை பெறக்கூடாது என்ற இனமேம்பாட்டியல், சட்டமாகவே மாறியது. கட்டாயக் கருத்தடை செல்லும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1933இல் ஜெர்மனியில் நாஜிகள் அதற்கெனச் சட்டம் இயற்றினர். இளமையில் ஹால்டேனும் இக்கருத்தின்பால் ஈர்க்கப்பட்டவரே. ஆனால் கணக்கு அவரை மாற்றியது. 1938இல் எழுதிய நூலில் மரபியல் அரசியலுக்குத் தவறாகப் பயன்படுவதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி மறுத்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, சாதி ஒழிப்பு நூலில், இனமேம்பாட்டின் பெயரால் சாதிக்கு வக்காலத்து வாங்கியோரை அம்பேத்கர் மறுத்திருந்தார்.

1949இல் ஹால்டேன் முன்வைத்த ஒரு கருத்து இங்கே முக்கியமானது. தலசீமியா என்னும் இரத்தநோயின் மரபணு, இருபுறமும் வந்தால் நோயைத் தரும். ஒருபுறம் மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காக்கக்கூடும் என்றார். அரிவாள் செல் மரபணுவும் அவ்வாறே காப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நமக்கு அண்மையிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் மரபணு இருப்பது 1952இல் பதிவானது. நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பிறப்பிலேயே முத்திரை குத்த முடியாது, சூழலே அதைத் தீர்மானிக்கிறது என்பதே இதன் பொருள்.

அவர் பிழையற்றவர் அல்லர். கம்யூனிஸ்டாக இருந்த ஹால்டேன், சோவியத்தில் லைசென்கோ மரபியலை அழித்தபோது வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். அவரை 1928இல் அங்கு அழைத்த அறிவியலாளர் வவிலோவ் 1943இல் சிறையில் மாண்டார். கட்சிக்காக உண்மையைத் தள்ளிவைத்ததன் விலையை இயக்கங்களில் இருக்கும் நாமும் நினைவில் கொள்ள வேண்டும்.

சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து இங்கிலாந்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்த அவர், 1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். குர்தா அணிந்தார், புலால் தவிர்த்தார். இந்துத் தத்துவத்தின்மேல் அவருக்கிருந்த ஈர்ப்பை நாம் விமர்சனத்துடனே காண வேண்டும். ஆயினும் அவர் வளர்த்த ஆய்வுமுறை எளியோருக்கானது. விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம், கூர்ந்து பார்த்து எண்ணத் தெரிந்தால் போதும் என்று இளைஞர்களைப் பழக்கினார். அவருடைய மாணவர்கள் ஆந்திரத்தில் மாமன் மகள், அக்காள் மகள் உறவுமுறைத் திருமணங்களின் மரபியல் விளைவுகளை ஆராய்ந்தனர். 1962இல் புவனேஸ்வரில் ஆய்வகம் ஒன்றை நிறுவினார்.

அவர் தொடங்கிய கணக்கை இன்று டி.என்.ஏ. ஆய்வு தொடர்கிறது. பிள்ளைக்கு இரத்தம் இறங்குவதில்லை. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக டி.என்.ஏ.தான் இறங்குகிறது. பத்துத் தலைமுறை பின்சென்றால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உள்ளன. குலப்பெருமை பேசுவோர் அவற்றில் ஒரேயோர் ஆண்வழியை மட்டும் எண்ணுகின்றனர். ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. அறிவியலாளர்களும் பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்வு, இந்தியாவின் பெரும்பாலான மக்கள் குழுக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாகக் கலந்தன என்றும், அதன்பின்னரே அகமணம் இறுகியது என்றும் காட்டியது. 1916இல் அம்பேத்கர் சமூகவியல் வழியாகச் சொன்னது இது. அகமணத்தால் குழுக்களிடையே சில மரபுக்கூறுகளின் விழுக்காடு வேறுபடுவது உண்மை. அது வேலி போட்டதன் தழும்பு. உயர்வுக்கோ தாழ்வுக்கோ சான்று அன்று.

வழக்கறிஞராக ஒன்றைச் சொல்ல வேண்டும். தடயவியலில் டி.என்.ஏ. அறிக்கை பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்கே விடை தருகிறது: இம்மாதிரி இவருடையதா, இவர் இவருடைய பிள்ளையா. ஒருவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று அது சொல்லாது. ஆனால் யாரிடம் மாதிரி எடுப்பது என்பதை ஆய்வகம் தீர்மானிப்பதில்லை, அதிகாரம் தீர்மானிக்கிறது. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட மக்களிடமே இரத்த மாதிரி கேட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே இந்த அறிவியலை நம் இளைஞர்கள் கற்றாக வேண்டும், சட்டக் கல்லூரியிலும் ஆய்வகத்திலும். நமது சமத்துவக் கோரிக்கை எந்தப் பரிசோதனை முடிவையும் சார்ந்ததன்று. ஆயினும் எதிர்த்தரப்பு இரத்தத்தைச் சான்றாகக் கூண்டிலேற்றும்போது, குறுக்கு விசாரணை செய்ய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புற்றுநோயால் 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரில் ஹால்டேன் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் படிப்புக்காக அனுப்பப்பட்டது. ஊர்ச் சுடுகாடு வேறு, காலனிச் சுடுகாடு வேறு என்று பிணத்துக்கும் சாதி பார்க்கும் நாட்டில், எந்தச் சாதியின் சுடுகாட்டுக்கும் அவ்வுடல் செல்லவில்லை.