தியான் சந்தும் கொடி வணக்கமும்

விளையாட்டரங்கில் நாட்டுக் கீதம் ஒலிக்குங்கால் நாம் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்பதை விதிகளைக் கொண்டு கற்பிப்பதினும், பெரியார் ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குதல் நலமாகும். ஆதலின் ஹாக்கி ஆட்டத்தில் ஈடிணையற்று விளங்கிய தியான் சந்தின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். ஓர் ஆட்டக்காரரின் வரலாறு ஞானியர் வாழ்ந்த அருணைப் பதியினர்க்கு எற்றுக்கு என வினவுவாருமுளர். இரமண முனிவரும் மதுரை அமெரிக்க மிஷன் பள்ளியிற் பயின்ற இளமையில் காற்பந்தாட்டத்தில் விருப்பமுடையவராகவே இருந்தனர். ஆதலின் ஆட்டத்தை அற்பமென ஒதுக்குதற்கு ஆசிரமத்தைச் சூழ்ந்து வாழும் நமக்கு நியாயமில்லை.

தியான் சந்து 1905 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29 ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் இராணுவத்திற் பணிபுரிந்தவர். ஜான்சி நகரிற் குடியேறிய அக்குடும்பத்தில் வளர்ந்த தியான் சந்து 1922 இல் தாமும் படையிற் சேர்ந்தார். ஹாக்கிக் கோலை அவர் கருத்துடன் பயின்றது அங்கேதான். பகற்பொழுதின் கடமைகள் முடிந்தபின் நிலவொளியிலும் பயின்றார் என்பர். 1926 இல் படையணியினருடன் நியூஸிலாந்து சென்று புகழுடன் மீண்டார். 1928 இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தாம் ஒருவராகவே 14 கோல்கள் அடித்தார். 1932 இல் லாஸ் ஏஞ்ஜெல்ஸ் நகரில் அவரும் இளவல் ரூப் சிங்கும் ஆடிய நம் அணி, அமெரிக்கரை 24க்கு 1 என வென்றது.

இவ்வெற்றிகளினூடே ஒரு குறை மறைந்திருந்தது. வென்றவர் இந்தியர், ஆயினும் வெற்றிக்குப்பின் உயர்ந்த கொடி ஆங்கில ஆட்சியினது, ஒலித்த கீதம் மன்னரை வாழ்த்துவது. தமக்குரிய கொடியும் கீதமும் இன்றி உலகின் முன் நின்ற வீரரின் உள்ளம் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குத் தியான் சந்தே தலைவரானார். முந்திய ஆண்டு அவருடன் நியூஸிலாந்து சென்று ஆடிய நம் செங்கற்பட்டு ஜில்லாவினரான எம். ஜே. கோபாலன், கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து செல்ல நேர்ந்தமையால் பெர்லினுக்குச் செல்லவில்லை. அங்கு முதலில் நடந்த பயிற்சியாட்டத்தில் ஜெர்மானியர் நம்மவரை 4க்கு 1 என வென்றனர். இறுதியாட்டத்தில் எதிர்ப்பட்டவரும் அவரே. ஆகஸ்டு 14 இல் நிகழவேண்டிய அவ்வாட்டம் மழையினால் மறுநாளைக்குத் தள்ளப்பட்டது.

ஆட்டத்திற்குமுன் உடைமாற்றும் அறையில், அணியின் நிர்வாகிகளுள் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தனர். வீரர் யாவரும் அதற்கு வணக்கஞ் செலுத்திவிட்டுக் களம் புகுந்தனர். தியான் சந்தோ மன்னரின் படையில் ஊதியம் பெற்றவர். இச்செய்தி மேலதிகாரிகளின் செவிக்கு எட்டின் அவர்க்குத் தீங்கு விளையலாம். பார்ப்பவரில்லை, கட்டளையில்லை, புகழுமில்லை. அவ்வணக்கம் நெஞ்சினின்றே எழுந்தது. அதனைக் களத்தின் நடுவே ஆரவாரமாகச் செய்து எதிரணியினரை வருத்தாமல், அறைக்குள்ளே அமைதியுடன் செய்தமையும் கருதத்தக்கது. இடைவேளையில் இந்தியா ஒரு கோலே முன்னின்றது. முடிவில் 8க்கு 1 என வென்றது. அப்போட்டிகள் அனைத்திலும் நம்மவர் அடித்தவை 38, வாங்கியது அவ்வொன்றே. சரியாகப் பதினோராண்டு கழித்து, அதே ஆகஸ்டு 15 இல் நாடு விடுதலை பெற்றது. 1948 இல் லண்டனில் பிரிட்டிஷ் அணியையே 4க்கு 0 என வென்ற நம் அணிக்குச் சொந்தக் கொடி உயர்ந்தது. ஜனகணமன 1950 ஜனவரி 24 இல் நாட்டுக் கீதமாக ஏற்கப்பெற்றது.

தியான் சந்து மேஜர் பதவி வரை உயர்ந்து 1956 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தது. 1979 டிசம்பர் 3 இல் டெல்லியில் காலமானார். அவர் பிறந்த நாளே இன்று தேசிய விளையாட்டு நாளாகும்.

கீதம் முழுமையாக ஒலிக்கும் நேரம் ஏறக்குறைய 52 விநாடிகளே. அப்பொழுது அவையோர் எழுந்து அசைவின்றி நிற்றல் வேண்டுமென்பது அரசாங்க விதி. எனினும் அவ்விநாடிகளிலும் உரையாடுவோரையும், கைப்பேசியைத் துழாவுவோரையும், கீதம் முடியுமுன்னரே கூச்சலிடுவோரையும் பந்தயத் திடல்களிற் காண்கின்றோம். இடரை ஏற்று அவர் செய்த வணக்கத்தை, இடரேதுமில்லாத நாம் செய்யத் தவறுவது தகுமா? கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் ஏறும் கணத்தில் கூப்பிய கையுடன் நிற்கும் பெருங்கூட்டத்திற்கு எவரும் ஆணையிடுவதில்லை. அவ்வன்பு உள்ளத்திலிருப்பின் திடலிலும் காவலர் வேண்டா.

இன்னுமொன்று. சொந்தக் கீதமின்றி நின்றவரின் வருத்தத்தை அறிந்த நாம், எதிரணியின் நாட்டுக் கீதம் ஒலிக்குங்காலும் அவ்வாறே எழுந்து நிற்கக் கடமைப்பட்டுள்ளோம். அது அவர்க்கு நம்முடையதைப் போன்றே அருமையானது. நம் மாணவர் இவ்விரண்டையும் மறவாது கடைப்பிடிப்பாராக.