கும்பிடுபூச்சிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டவர்: ழான் ஆன்றி ஃபாப்ரின் வாழ்க்கை

போன மார்கழி மழையில் லுணுகலையில் அக்காவின் வீட்டில் ஒரு சின்னக் கலவரம். அக்காவின் மகன் ஜாம் போத்தலில் வளர்த்துவந்த கும்பிடுபூச்சி காணாமற் போய்விட்டது. போத்தலின் வாயில் கட்டியிருந்த துணி இரவில் நழுவிவிட்டது. லயத்துக் காம்பரா ஒன்றும் பெரிய மாளிகை அல்ல. ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஆனாலும் விரலளவு பச்சைப் பூச்சி ஒன்று ஒளிந்துகொள்ள அந்த இடம் போதும். பிள்ளை அழுதான். அக்கா விளக்குமாற்றை எடுத்தாள். அம்மாயி அதைக் கையிலிருந்து வாங்கி மூலையில் வைத்துவிட்டார்.

1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போனவர் அம்மாயி. போர்க்காலத்தில் அங்கிருந்தும் பலமுறை இடம்பெயர்ந்து, கடைசியில் மீண்டும் லுணுகலைக்கே வந்து சேர்ந்தார். காணாமற் போன ஒன்றைத் தேடும்போது முதலில் எதையும் மிதிக்கக் கூடாது, கூட்டக் கூடாது என்பது அவருடைய ஒரே கட்டளை. இரண்டாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பூச்சி கிடைத்தது. நுளம்புவலை கட்டியிருந்த கயிற்றில், கூரைக்குக் கீழே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது ஏன் அங்கே போனது என்று பிள்ளை கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால், நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பிரெஞ்சு ஆசிரியரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் ழான் ஆன்றி ஃபாப்ர். கும்பிடுபூச்சிகளைப் பல மாதங்கள் வீட்டில் வைத்து வளர்த்து, அவை உண்பதையும் இணைவதையும் முட்டையிடுவதையும் பொறுமையாக எழுதிவைத்தவர்.

ஃபாப்ர் 1823 டிசம்பரில் தென் பிரான்சின் சென் லியோன் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். வீட்டில் ஒரு வாயையாவது குறைக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்டார். அங்கே ஐந்தாறு வயதில் அவர் செய்த முதல் பரிசோதனை சிரிப்பூட்டுவது. வெளிச்சத்தை நாம் வாயால் அனுபவிக்கிறோமா, கண்ணாலா என்று அறிய, சூரியனைப் பார்த்து நின்று ஒருமுறை வாயைத் திறந்து கண்ணை மூடினார், மறுமுறை கண்ணைத் திறந்து வாயை மூடினார். கண்ணால்தான் என்று மாலையில் வீட்டில் அறிவித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேட்டதை நம்பாமல் தானே செய்து பார்க்கும் அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

தந்தை ஊர் ஊராகப் போய்ச் சிறிய தேநீர்க்கடை போன்ற கடைகளை நடத்தி, எல்லாவற்றிலும் தோற்றார். பையன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். ரயில்பாதை போடும் இடத்தில் கூலிவேலை செய்தான். பிறகு அவிஞ்ஞோன் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கான உதவித்தொகைப் பரீட்சையில் வென்றான். 1842 இல் கார்பந்த்ரா என்ற ஊரில் ஆசிரியரானபோது ஆண்டுச் சம்பளம் 700 பிராங்க். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல் என்று எல்லாவற்றையும் பெரும்பாலும் தானாகவே படித்துப் பட்டங்கள் பெற்றார். முதற் பிள்ளைகள் இருவரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார்.

1853 முதல் அவிஞ்ஞோனில் படிப்பித்தார். குளவிகள் இரையைக் கொல்லாமல், நரம்பு மையத்தில் கொட்டிச் செயலிழக்கச் செய்து, குஞ்சுகளுக்குப் புத்துணவாகச் சேமிக்கின்றன என்ற அவருடைய 1855 ஆம் ஆண்டு ஆய்வு அறிஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. டார்வின் தமது நூலில் அவரைச் சிறந்த அவதானிப்பாளர் என்று பாராட்டினார். ஆனால் பாராட்டு வயிற்றை நிரப்பவில்லை. சாயவேரிலிருந்து சிவப்புச் சாயத்தைத் தூய்மையாகப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதனால் வறுமை தீரும் என்று பல ஆண்டுகள் உழைத்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் செயற்கைச் சாயம் வந்துவிட்டது. உழைப்பு முழுவதும் வீணானது.

பெரிய அடி 1870 இல் விழுந்தது. அவர் மாலை வகுப்புகளில் இளம்பெண்களுக்கும் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். பூக்கள் எப்படிக் கருவுறுகின்றன என்று விளக்கியது ஊர்ப் பெரியவர்கள் சிலருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரிகளான வயதான சகோதரிகள் இருவர், ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவித்தல் அனுப்பினார்கள். எழுத்தில் ஒப்பந்தம் ஏதுமில்லை. மனைவி, ஐந்து பிள்ளைகள், போத்தல்களும் பெட்டிகளும் நிறைந்த ஒரு வீடு. அது பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் நடந்த காலம். பாரிஸ் முற்றுகைக்குள் இருந்தது. பாடநூல்களுக்காகப் பதிப்பாளரிடமிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. அப்போது கைகொடுத்தவர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில். மனைவியைப் புதைத்த அவிஞ்ஞோனிலேயே வீடு எடுத்திருந்த அவர், ஃபாப்ரோடு செடி கொடி தேடி மலைகளில் நடந்த நண்பர். எந்த அத்தாட்சியும் கேட்காமல் 3,000 பிராங்க் கொடுத்தார். ஃபாப்ர் குடும்பத்தோடு ஒராஞ்ச் என்ற ஊருக்குப் போனார். எழுதிச் சம்பாதித்து அந்தக் கடனை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் வீட்டை விடுவது என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு 1877 இல் வந்தது. மகன் ஜூல் பதினாறு வயதில் இறந்தான். பூவையும் பூச்சியையும் தந்தையைப் போலவே நேசித்த பிள்ளை அவன். அடுத்த ஆண்டு ஃபாப்ர் நுரையீரல் காய்ச்சலில் மரணத்தின் வாசல்வரை போய் மீண்டார். 1879 இல் பூச்சிகள் பற்றிய தம் பெருநூலின் முதற் பாகத்தை வெளியிட்டபோது, புதியவை என்று தாம் கருதிய மூன்று குளவி இனங்களுக்கு ஜூலின் பெயரை வைத்தார். தந்தை ஒருவர், காற்றில் பறக்கும் உயிர்களில் மகனின் பெயரை எழுதினார் என்று இதை நான் வாசிக்கிறேன்.

அதே 1879 இல் செரிஞ்ஞான் என்ற கிராமத்தில் கல்லும் முட்செடியும் நிறைந்த ஒரு தரிசு நிலத்தை வாங்கினார். அந்தப் பகுதி மொழியில் அப்படிப்பட்ட நிலத்துக்கு ஹார்மாஸ் என்று பெயர். வீட்டுக்கும் அதுவே பெயரானது. உழுது பயிரிட எவரும் விரும்பாத நிலம், பூச்சிகளுக்குச் சொர்க்கம். 56 ஆவது வயதில்தான் அவருக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது. இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

கும்பிடுபூச்சிகள் இந்த வீட்டில்தான் வளர்ந்தன. மண் நிரப்பிய அகன்ற சட்டிகளின் மேல் கம்பிவலைக் கூடுகளைக் கவிழ்த்தார். உள்ளே ஒரு செடிக் கொத்து, முட்டையிட ஒரு தட்டைக் கல். பெண்பூச்சிகளின் பசி பெரும்பசி. உயிருள்ள வெட்டுக்கிளிகளைத் தினமும் தேடித் தர அவரால் முடியவில்லை. அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாணும் முலாம்பழத் துண்டுகளும் கொடுத்துப் பிடித்துவரச் செய்தார். ஒரே பெண்பூச்சி இரண்டு வாரத்தில் ஏழு ஆண்பூச்சிகளைத் தின்றதை எழுதிவைத்தார். நுரையாகப் பொங்கிப் பிறகு கெட்டியாகும் முட்டைக்கூட்டையும், ஜூனில் குஞ்சுகள் கூட்டமாக வெளிவருவதையும், வந்த கணமே எறும்புகள் அவற்றைச் சூறையாடுவதையும் விவரித்தார். கூண்டில் அடைபட்ட பூச்சிகள் இயல்பைவிட அதிகமாக ஒன்றையொன்று தின்னும் என்பதையும், பசிதான் அதற்குப் பெரிய காரணம் என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபாப்ர் கடைசிவரை ஏற்கவில்லை. அதிலும் அவர் தவறினார். ஆனால் கண்ணால் கண்டதை அவர் எழுதிய விதத்தில் பொய் இல்லை.

பிள்ளையின் கேள்விக்குப் பதிலும் அவர் குறிப்புகளில் இருக்கிறது. கும்பிடுபூச்சியின் நெருங்கிய உறவான எம்பூசா என்ற பூச்சியை அவர் வளர்த்தபோது, அது கூண்டின் உச்சியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியபடியே சுமார் பத்து மாதம் வாழ்ந்தது. தின்றதும் தோலுரித்ததும் அதே நிலையில்தான். தலைகீழாகத் தொங்குவது இந்தப் பூச்சிகளுக்கு இயல்பு.

அவர் வீட்டில் பூச்சிகள் தப்பி ஓடியதைவிட உள்ளே வந்ததுதான் அதிகம். ஒரு மே மாதம் 6 ஆம் திகதி காலை, பெரிய மயிற்கண் அந்துப்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்தது. பெண் என்று கண்டு வலைக்கூட்டில் வைத்தார். இரவு ஒன்பது மணியளவில் சின்ன மகன் பால், அரைகுறை உடையோடு கத்திக்கொண்டு ஓடினான். அறையெங்கும் பறவை அளவு அந்துப்பூச்சிகள். குசினியில் வேலைக்காரப் பெண் வௌவால்கள் என்று எண்ணி ஏப்ரனால் விரட்டிக்கொண்டிருந்தாள். தந்தையும் மகனும் மெழுகுதிரியோடு மேலே போனால், பெண்பூச்சியைச் சுற்றிச் சிறகடிக்கும் ஆண்கள். அன்றிரவு மட்டும் வீட்டுக்குள் ஏறத்தாழ நாற்பது வந்திருந்தன. அவர் ஒன்றையும் அடித்துத் துரத்தவில்லை. எப்படி இருட்டில் வழி தெரிந்தது என்ற கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். மணமே காரணம் என்ற முடிவுக்கு நெருங்கியது ஆண்டுக்கணக்கான வேலை.

அந்த வேலையைத் தொடர இன்னோர் அந்துப்பூச்சி தேவைப்பட்டது. மரக்கறி கொண்டுவரும் ஏழு வயதுப் பையன் ஒருவன் தேடிக் கொடுத்த கூட்டிலிருந்து அது பிறந்தது. அரிய இனம். ஆண்கள் கூட்டமாக வரத் தொடங்கிய நேரத்தில், யோசிக்காமல் அதன் கூண்டுக்குள்ளேயே ஒரு சிறிய கும்பிடுபூச்சியைப் போட்டுவைத்தார். மெலிந்த பூச்சி, இத்தனை பெரிய உடம்பை என்ன செய்துவிடும் என்று நினைத்தார். மறுநாள் பார்த்தால் தலையும் மார்பும் தின்னப்பட்டிருந்தன. அடுத்த பெண்பூச்சி கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. தவறு தம்முடையது என்று எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தார். கும்பிடுபூச்சியைத் தண்டிக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அவருடைய நூலின் பத்தாம் பாகம் 1907 இல் வந்தது. அப்போதும் வறுமை. 1910 இல் நண்பர்கள் விழா எடுத்தபோதுதான் நாடு அவரைக் கண்டுகொண்டது. 1913 இல் ஜனாதிபதி புவான்காரே வீடு தேடி வந்து மரியாதை செய்தார். மறு ஆண்டு உலகப் போர் வெடித்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1915 ஒக்டோபர் 11 ஆம் திகதி, 91 வயதில் ஃபாப்ர் கண்மூடினார். ஹார்மாஸ் இன்று ஓர் அருங்காட்சியகம்.

உங்கள் வீட்டிலும் கும்பிடுபூச்சி தொலைந்தால் முதலில் கதவுகளைச் சாத்துங்கள். தரையைக் கூட்டாதீர்கள். கண்ணை மேலே உயர்த்துங்கள்: திரைச்சீலை மடிப்பு, கூரை மரம், வலைக்கயிறு, ஜன்னல் விளிம்பு. சிறகு முளைத்த ஆண் விளக்குக்குப் பறந்து வரும். கனத்த பெண் அதிகம் பறக்காது, ஏறும். இரவில் அதன் பச்சைக் கண் கறுத்திருக்கும், டோர்ச் அடித்தால் தெரியும். கிடைத்தால் இழுக்காதீர்கள், கால் முறியும். முன்னால் கையை வைத்துப் பின்னாலிருந்து மெல்லத் தொட்டால் அதுவாகவே ஏறிக்கொள்ளும். தாகத்தோடு இருக்கும், இலையில் ஒரு துளி நீர் தெளித்துக் கொடுங்கள்.

அக்காவின் மகனும் அப்படித்தான் எடுத்தான். போத்தலுக்குள் போடப் போனவனிடம் அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. அவனே சிறிது நேரம் யோசித்துவிட்டு, இஸ்தோப்பைத் தாண்டிப் போய்த் தேயிலைச் செடி ஒன்றில் விட்டான். இப்போது தினமும் காலையில் போய் அந்தச் செடியைப் பார்க்கிறான். சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. இல்லாத நாளிலும் தேடுகிறான்.